விலா எலும்பை உடைத்தது யார்?

போன மாதம் ரம்யா போன் செய்தாள். நான் இருபத்தேழு வருடம் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இப்போது அவள்தான் பிசியோதெரபிஸ்ட். என்னிடம் வேலை பழகியவள்.

"சார், இதயம் நின்னு திரும்ப வந்த நோயாளிங்களை எல்லாத் துறையும் சேர்ந்து குழுவா எப்படிப் பாத்துக்கறதுன்னு ஒரு வகுப்பு வெச்சிருக்காங்க. நீங்க அரை மணி நேரம் உங்க அனுபவத்தைப் பேசணும். கொஞ்சம் பாசிட்டிவா இருந்தா நல்லா இருக்கும்" என்றாள்.

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கியது. யாரோ சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் சுவரில் புதிதாக ஒரு வண்ணப்படம் மாட்டியிருக்கிறார்களாம். நடுவில் நோயாளி, சுற்றிலும் இதய டாக்டர், நரம்பு டாக்டர், மயக்க மருந்து டாக்டர், நர்ஸ், பிசியோதெரபிஸ்ட் எல்லாரும் கைகோத்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்களாம். நான் இருந்த காலத்தில் இந்த ஐந்து பேரும் ஒரே நேரத்தில் ஒரு கட்டிலைச் சுற்றி நின்று நான் பார்த்ததில்லை. முட்டி வலி, பஸ் ஏற முடியாது என்று சொல்லிவிட்டேன். முட்டி வலிக்கு வைத்தியம் பார்த்தே பென்ஷன் வாங்கியவன் இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? அவள் சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். பேச முடியாததை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஊர் உத்திரமேரூர். டாக்டருக்குப் படிக்க மார்க் போதவில்லை, பிசியோதெரபி கிடைத்தது, படித்தேன். என் படிப்பைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. வேலை கிடைத்த ஆஸ்பத்திரி பெரியது, பெயர் வேண்டாம். அவ்வளவு பெரிய கட்டடத்துக்கு நான் ஒருவன். காலையில் எலும்பு வார்டு, பிறகு பக்கவாதம், தீக்காயம், கடைசியில் தீவிர சிகிச்சைப் பிரிவு. டாக்டர்கள் என்னை 'மசாஜ்' என்பார்கள். "மசாஜைக் கூப்பிடு." நான் இல்லாதபோது சொல்வதாக அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கே ஒரு விஷயம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படிப் போய்ச் சேரும் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. 'நான்காம் நம்பர் படுக்கை, இரண்டு கால்களுக்கும் பயிற்சி' என்று சீட்டு வந்தது. போனேன். அறுபது வயசு மனிதர், மூக்கில் குழாய், நினைவில்லை. முட்டியைப் பிடித்து மடக்கினேன். பின்னாலிருந்து நர்ஸ் அலறிய அலறலில் எனக்கே இதயம் நின்றிருக்க வேண்டும். அவருக்குத் தொடை இடுக்கில் பெரிய ரத்தக்குழாய்க்குள் ஊசி வைத்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. என் சீட்டுக்குரிய நோயாளியைக் காலையிலேயே வேறு கட்டிலுக்கு மாற்றியிருந்தார்கள். டாக்டருக்குத் தெரியும், நர்ஸுக்குத் தெரியும், தரை துடைத்தவருக்குக்கூடத் தெரியும். தொட்டு வேலை செய்ய வேண்டிய எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. எனக்கு மெமோ வந்தது. அன்றிலிருந்து சீட்டை நம்புவதை விட்டேன். ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் நானே நாலு பேரைக் கேட்டுத் தெரிந்துகொள்வேன். நான் தொணதொணக்கிறவன் என்று பெயர் வந்தது. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் தலைவரை எல்லாரும் சீஃப் என்போம். சரியாக ஒன்பது பத்துக்கு ரவுண்ட்ஸ் வருவார். வெள்ளைக் கோட்டைப் போட்டு நான் பார்த்ததில்லை. மடித்து முன்கையில் தொங்கவிட்டிருப்பார். கட்டிலருகே வந்ததும் யாரையும் பார்க்காமல் வலது கையை நீட்டுவார். நோயாளியின் கேஸ் ஷீட்டைக் கடைசிப் பக்கம் திறந்தபடி அந்தக் கையில் வைக்க வேண்டும். கடைசிப் பக்கத்தை மட்டும் படிப்பார். முன்பக்கங்களில் இருப்பதெல்லாம் பழங்கதை என்பது அவர் கொள்கை. கேள்வி கேட்பார், பதிலையும் அவரே சொல்லிவிடுவார். நோயாளிகளுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். நர்ஸ்கள் பேசினால் ஜன்னலைப் பார்ப்பார்.

வேலை தெரியாதவர் என்று சொல்லவில்லை. மூச்சு நின்றவனின் தொண்டையில் அவர் குழாய் இறக்குவதைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். கை அவ்வளவு சுத்தம். காதுதான் கேட்காது.

அவர் ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டு வந்து, இதயம் நின்று திரும்பியவர்களின் உடம்பை ஒரு நாள் முழுக்கக் குளிர்ச்சியாக வைத்திருந்தால் மூளை தப்பும் என்று அறிவித்தார். நல்ல வைத்தியம்தான். ஆனால் குளிர்விக்கும் இயந்திரம் எங்களிடம் இல்லை. மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு ஐஸ் கம்பெனி இருந்தது. அங்கிருந்து பாளம் பாளமாகக் கோணியில் கட்டிக் கொண்டுவந்து, உடைத்து, பாலிதீன் பைகளில் போட்டு, அக்குளிலும் கழுத்தின் இரு பக்கமும் தொடை இடுக்கிலும் வைப்போம். உருக உருக மாற்ற வேண்டும். வார்டே கானாங்கெளுத்தி வாசம் அடிக்கும். சீஃப் கட்டுரையில் 'நவீனக் குளிர்விப்பு முறை' என்று எழுதினார். மீனைப் பற்றி எழுதவில்லை.

இப்போது நான் சொல்ல வந்த ஆளுக்கு வருகிறேன். பெயர் தணிகாசலம். முப்பத்தி நாலு வயசு. மாகறல் பக்கம் வயல் மோட்டார்களைப் பழுது பார்க்கிறவர். ஒரு திங்கட்கிழமை காலை, ஈரத்தில் நின்றுகொண்டு மோட்டாரைத் தொட்டவருக்கு ஷாக் அடித்து இதயம் நின்றுவிட்டது. ஆம்புலன்ஸில் இருந்த மெஷினால் நெஞ்சில் மின்னதிர்ச்சி கொடுத்ததும் துடிப்பு திரும்பிவிட்டது. நினைவு மட்டும் திரும்பவில்லை. எங்களிடம் கொண்டுவந்து ஆறாம் நம்பர் கட்டிலில் போட்டார்கள். தொண்டையில் குழாய், மூச்சுக்கு வென்டிலேட்டர், உடம்பைச் சுற்றி ஐஸ். வலது உள்ளங்கையில் கருகிய ஒரு வட்டம், இடது பாதத்தில் இன்னொன்று. சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில் சொட்டுச் சொட்டாக வந்தது. ஷாக்கில் தசை வெந்துபோனால் அதன் கழிவு சிறுநீரகத்தை அடைத்துக்கொள்ளும்.

கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில், எமர்ஜென்சியில் இருந்த இளம் டாக்டர் எழுதியிருந்தார்: 'சுமார் இருபது நிமிடம் இதயத் துடிப்பு இல்லை. சம்பவ இடத்தில் யாரும் இல்லை. முதலுதவி செய்யப்படவில்லை.' இதை அப்படியே எங்கள் பிரிவில் ஒருவர் எடுத்து எழுதினார். அவரைப் பார்த்து இதய டாக்டர் எழுதினார். அவரைப் பார்த்து நரம்பு டாக்டர் எழுதினார். நாலு கையெழுத்து, ஒரே வாக்கியம். படிக்கிறவனுக்கு நாலு பேர் விசாரித்து உறுதி செய்ததுபோல் இருக்கும்.

அந்த வரிக்கு என்ன கனம் என்று சொல்ல வேண்டும். நின்ற இதயத்தின் மேல் யாராவது உடனே நெஞ்சை அமுக்கியிருந்தால் மூளைக்குக் கொஞ்சமாவது ரத்தம் போயிருக்கும். இருபது நிமிடம் யாருமே தொடவில்லை என்றால் மூளையில் மிச்சம் எதுவும் இருக்காது. அந்த ஒரு வரியைப் படித்ததுமே எல்லா டாக்டர்களும் மனசுக்குள் கையை விரித்துவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை நான் அவருக்கு நெஞ்சுப் பயிற்சி கொடுக்கப் போனேன். வென்டிலேட்டரில் இருப்பவருக்குச் சளி தேங்கும். பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்து, கையைக் குழித்துக்கொண்டு முதுகிலும் விலாவிலும் தட்டித் தளர்த்தினால், நர்ஸ் குழாய் விட்டு உறிஞ்சி எடுப்பார். தட்டுவதற்கு முன் எக்ஸ்ரேயைப் பார்ப்பது என் வழக்கம். இடது பக்கம் மூன்று விலா எலும்புகள் முறிந்திருந்தன.

பலமாக அமுக்கினால்தான் அப்படி முறியும். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்த உடனே ஷாக் கொடுத்துத் துடிப்பு வந்துவிட்டது, அவர்கள் அமுக்கியது ஒரு நிமிடம் இருக்குமா என்பதே சந்தேகம். சேற்றில் விழுந்து மூன்று எலும்பு முறியாது. அப்படியானால் உடைத்தது யார்?

சீஃபிடம் கேட்டேன்.

"உடைஞ்சிருக்கா? சரி, அந்தப் பக்கம் தட்டாதீங்க. அவ்வளவுதானே?" என்றார். அடுத்த கட்டிலுக்குக் கையை நீட்டினார்.

நானும் அதோடு விட்டுவிட்டேன். தொணதொணக்கிறவன் அன்றைக்கென்று வாயை மூடிக்கொண்டான். அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே காறித் துப்பத் தோன்றுகிறது.

வியாழக்கிழமை காலை பஸ்ஸை விட்டு இறங்கி ஆஸ்பத்திரிக்குள் நுழைகிறேன். வாசலில் செக்யூரிட்டி ஒரு பெண்ணை விரட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயசு இருக்கும். கையில் ஒயர் கூடை. செவ்வாயும் புதனும் அதே இடத்தில் அவரைப் பார்த்திருந்தேன். கூட்டிப் பெருக்கும் வேலை கேட்டு வந்தவர் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு தாண்டிப் போயிருந்தேன். என் வெள்ளைக் கோட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடிவந்தார்.

"சார், மோட்டார் மெக்கானிக்கு ஒர்த்தரு, ஷாக் அடிச்சி வந்தாரே, எப்டி கீறாரு சார்?"

"நீங்க அவருக்குச் சொந்தமா?"

"சொந்தமெல்லாம் இல்ல சார். ஒண்ணே ஒண்ணு கேக்கணும்." குரலைத் தாழ்த்தினார். "நெஞ்செலும்பு ஒடஞ்சா ஆளு செத்துடுவாங்களா?"

நான் நின்றுவிட்டேன். "ஏன் கேக்கறீங்க?"

"நான்தான் சார் ஒடச்சேன்."

அவர் பெயர் ஞானசுந்தரி. வயல் கூலி வேலை. அன்றைக்குப் பக்கத்துக் கழனியில் நடவு நட்டுக்கொண்டிருந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"டொப்புனு ஒரு சத்தம் சார். பாத்தா ஆளு சேத்துல குப்புற கெடக்குறாரு. தொட ஓடினவங்கள தொடாதீங்கடினு கத்திட்டு, மோட்டார் ரூமாண்ட ஓடி மெயின எறக்கினேன். அப்பறமாதான் தொட்டோம். மூச்சே இல்ல. தண்ணி வுயற தொட்டியாண்ட சிமெண்ட் தர கீது, நாலு பேரு சேந்து அங்க இய்த்துப் போட்டோம். நூறு நாள் வேலைல கெடக்கசொல்ல ஆம்புலன்ஸ்காரங்க வந்து ஒரு பொம்மய வெச்சி நெஞ்ச அமுக்கிக் காட்னாங்க. என்னியும் அமுக்கச் சொன்னாங்க. அத மாதிரியே அமுக்கினேன். அஞ்சாறு அமுக்குதான், மளுக்குனு ஒடஞ்சிது. கைக்குத் தெரிஞ்சிது சார். எனக்கு ஒடம்பெல்லாம் ஒதறிப் போச்சி. ஆனா அந்த பொம்மகாரரு, இன்னா ஆனாலும் நிறுத்தாதீங்கன்னு சொல்லிக் கீறாரே. நிறுத்தல. வண்டி வர்ற வரைக்கும் அமுக்கிக்கினே இருந்தேன். நடுவுல கை ஓஞ்சி போய் கூட நட்டவள மாத்தி வுட்டேன். அவளுக்கு சரியா வரல, மறுபடியும் நானே அமுக்கினேன்."

"இதை உள்ள வந்து சொல்ல வேண்டியதுதானே?"

"யாராண்ட சொல்றது? சொந்தமான்னு கேட்டாங்க. இல்லன்னேன். போம்மான்னாங்க. மூணு நாளா வரேன். எலும்பு குத்திதான் அந்தாளு கண்ணு முயிக்கலன்னா அந்தப் பாவம் எனக்குத்தானே சார்?"

தான் ஒரு மனிதனைக் காப்பாற்றியிருக்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. குற்றத்தை ஒப்புக்கொள்ள மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நின்றிருக்கிறார். எலும்பு உடைந்தால் செத்துப்போக மாட்டார்கள் என்று சொல்லி அவரை அங்கேயே மரத்தடியில் உட்காரவைத்தேன்.

நேரே எமர்ஜென்சிக்குப் போனேன். அந்த இளம் டாக்டர் இருந்தார். நல்ல பையன், பொய் சொல்லத் தெரியாதவன்.

"சம்பவ இடத்தில் யாரும் இல்லைன்னு எழுதியிருக்கீங்களே, யாரு சொன்னது?"

"கூட வந்த நிலத்துக்காரர் சார். அங்கே யார் இருந்தாங்கன்னு கேட்டேன். 'யாரும் இல்ல சார், கூலிக்காரப் பொம்பளைங்கதான் இருந்தாங்க'ன்னு சொன்னார். அதனால யாரும் இல்லைன்னு எழுதினேன்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. முகம் சுருங்கிவிட்டது.

ஆம்புலன்ஸ்காரர்கள் நோயாளியை ஒப்படைக்கும்போது ஒரு சீட்டும் கொடுப்பார்கள். அது நோயாளியோடு மாடிக்கு வர வேண்டும். வரவில்லை. எமர்ஜென்சி மேசையின் இழுப்பறையில் ஒரு கிளிப்பில் நூறு சீட்டுகளோடு கிடந்தது. 'பொதுமக்கள் நெஞ்சை அமுக்கினார்களா?' என்ற கேள்விக்கு எதிரே, 'ஆம்' என்ற கட்டத்தில் ஒரு டிக். ஓரத்தில் சின்ன எழுத்தில், 'பெண், நன்றாகச் செய்துகொண்டிருந்தார்.' அந்த ஆம்புலன்ஸ்காரர் யாரென்று எனக்குத் தெரியாது. அந்த மூன்று நாளில் கண்ணால் பார்த்ததை எழுதியவர் அவர் ஒருவர்தான்.

சீட்டை எடுத்துக்கொண்டு மேலே போனால், விஷயம் முடிவாகியிருந்தது. எட்டு மணிக்கே நரம்பு டாக்டர் வந்து, கட்டிலருகே நாலு நிமிடம் நின்று, 'எந்த அசைவும் இல்லை, மூன்று நாள் கடந்துவிட்டது, மீள வாய்ப்பில்லை' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். தணிகாசலத்தின் மனைவி ரேவதியிடம் வீட்டுக்குக் கொண்டுபோய்விடச் சொல்லியாகிவிட்டது. வீட்டுக்குக் கொண்டுபோவது என்றால் என்ன என்று நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். வாசலில் வைத்துக் குழாயை எடுத்துவிடுவார்கள். ரேவதியின் அண்ணன் வேன் சொல்லிவிட்டார். ஊரில் பந்தல்காரருக்கும் சொல்லியாகிவிட்டது.

கலைவாணி சிஸ்டரைத் தேடிப் போனேன். ஆறாம் நம்பரை மூன்று நாளும் பார்த்துக்கொண்டவர். நான் சொன்னதைக் கேட்டதும் பல்லைக் கடித்தார்.

"நான் நேத்திலிருந்து சொல்லிக்கினு இருக்கேன் சார். ஐஸ் வெச்சதுல நடுங்கறாருன்னு மயக்க மருந்த ரெண்டு மடங்காக்கச் சொன்னாங்க. அது நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் நின்னுது. ஒண்ணுக்கே சரியா போகல, மருந்து எப்டி வெளிய போவும்? மருந்துல தூங்கறவர எழுப்பிப் பாத்துட்டு மூளை போச்சுன்னு எழுதறாங்க. காலைல சளி எடுக்கும்போது வலது கைய லேசா என் கைகிட்ட கொண்டுவந்தாரு. எழுதி வெச்சிருக்கேன். எவன் படிக்கறான்?"

பல துறைகள் கூடிய எங்கள் குழுக் கூட்டம் துணி அலமாரிக்கும் கை கழுவும் தொட்டிக்கும் நடுவில் இப்படி இரண்டு நிமிடம் நடந்தது. உறுப்பினர்கள் நாங்கள் இரண்டு பேர். மூன்றாவது உறுப்பினர் கீழே மரத்தடியில்.

ஒன்பது பத்துக்கு சீஃப் வந்தார். கையை நீட்டினார். கேஸ் ஷீட்டை வைப்பதற்குப் பதில் ஆம்புலன்ஸ் சீட்டை அந்தக் கையில் வைத்தேன். அவர் முதன்முதலாக என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன இது?"

"இருபது நிமிஷமும் நெஞ்சை அமுக்கியிருக்காங்க சார். விலா எலும்பு அதனாலதான் உடைஞ்சிருக்கு. அமுக்கினவங்க கீழதான் இருக்காங்க, கூட்டிட்டு வரட்டுமா?"

"யாரு? டாக்டரா, நர்ஸா?"

"வயல் வேலை செய்யறவங்க."

சுற்றி நின்ற மாணவர்களைப் பார்த்துச் சிரித்தார். "பிசியோ இப்ப நியூராலஜியும் பார்க்க ஆரம்பிச்சாச்சு." மாணவர்களும் சிரித்தார்கள். அது அவர்களுக்குப் பாடத்திட்டத்தில் உண்டு.

அப்போது கலைவாணி சிஸ்டர் பேசினார். சீஃப் வழக்கம்போல் ஜன்னலைப் பார்த்தார். மயக்க மருந்து எத்தனை மணிக்கு நின்றது, சிறுநீர் எவ்வளவு போனது, கை அசைந்தது எல்லாவற்றையும் சொன்னார். நடுவில் ஒரு இடத்தில் சீஃபின் கண் ஜன்னலை விட்டு இறங்கியது.

"அஞ்சு மணி வரைக்கும் ஓடிச்சா? இதை ஏன் யாரும் எனக்குச் சொல்லலை?"

"எழுதியிருக்கேன் சார்."

"எழுதினா போதுமா? சொல்ல வேண்டாமா?"

"சொன்னேன் சார். மருந்து இன்னும் ஓடுதுன்னு நேத்து ரவுண்ட்ஸ்ல இதே எடத்துல நின்னு சொன்னேன்."

யாரும் சிரிக்கவில்லை. சீஃப் கேஸ் ஷீட்டை வாங்கி, நான் பார்த்தவரையில் முதல் தடவையாக, பின்னோக்கிப் புரட்டினார். நர்ஸ்கள் எழுதும் பக்கங்களில் இரண்டை நின்றபடியே படித்தார். பிறகு மாணவர்கள் பக்கம் திரும்பி, மயக்க மருந்து உடம்பை விட்டுப் போகும் முன் மூளையைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது, சிறுநீரகம் கெட்டிருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும் என்று ஐந்து நிமிடம் அருமையாகப் பாடம் நடத்தினார். அது நேற்றிலிருந்தே அவருக்குத் தோன்றிக்கொண்டிருந்ததுபோல் இருந்தது. டயாலிசிஸ் எழுதினார். "ஞாயிற்றுக்கிழமை வரை பார்ப்போம்" என்று நகர்ந்தார். வெட்கம் என்ற ஒன்று இல்லாததும் சில நேரம் நோயாளிக்கு நல்லதாகத்தான் முடிகிறது.

ரேவதியிடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. கேட்டதும் அவர் அண்ணன் எகிறினார்.

"இன்னா சார் வெளாட்டா? பெரிய டாக்டரே கைய விரிச்சிட்டாரு. வண்டி வந்து நிக்குது. ஒறமொறைக்கெல்லாம் சொல்லியாச்சி. நீ இன்னாடான்னா இருங்கன்ற. இன்னும் எத்தினி நாளு அந்த ஒடம்பப் போட்டு பேஜார் பண்ணுவீங்க?"

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது.  ரேவதி, அமுக்கிய அம்மா எங்கே என்று மட்டும் கேட்டார். கூட்டிக்கொண்டு போனேன். சுந்தரி எழுந்து நின்றார்.

"நீதான் அமுக்கினியாம்மா?"

"ஆமாம்மா. எலும்பு ஒடஞ்சி போச்சி. தெரியாம..."

"அவரு மொனவினாரா? கைய கிய அசச்சாரா?"

"வண்டிகாரங்க வர்றதுக்கு முன்னாடி ஒருவாட்டி வாயத் தொறந்து காத்த இய்த்தாரு. உசுரு கீதுன்னு நெனச்சிதான் இன்னும் பெலமா அமுக்கினேன்."

ரேவதி அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டார். நடவுச் சேற்றில் நகமெல்லாம் கறுத்த கைகள். பிறகு அண்ணனிடம் திரும்பி, "வண்டிய அனுப்பிடுண்ணா" என்றார்.

சனிக்கிழமை ரேவதி கூப்பிட்டதும் தணிகாசலத்தின் கண் அந்தப் பக்கம் திரும்பியது. ஞாயிறு, கலைவாணி சிஸ்டர் சொன்னதும் விரலை மடக்கினார். செவ்வாய் குழாயை எடுத்தார்கள். அவர் முதலில் பேசியது, "இது இன்னா ஊரு?" ரேவதி அழுதுகொண்டே சொன்னார். பத்து நிமிடம் கழித்து மறுபடியும், "இது இன்னா ஊரு?" அன்று முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்து நடந்ததைத்தான் அந்தச் சுவர்ப்படத்தில் வரைய மாட்டார்கள். இதய டாக்டர், இதயம் நலம் என்று எழுதினார். சிறுநீரக டாக்டர், சிறுநீரகம் தேறிவிட்டது என்று எழுதினார். நரம்பு டாக்டர் தன் பழைய குறிப்பின் பக்கம் போகாமல், 'முன்னேற்றம்' என்று ஒரே சொல்லை எழுதினார். எல்லா உறுப்பும் நலம், வீட்டுக்குப் போகலாம். சட்டைப் பொத்தான் போடத் தெரியவில்லை, எழுந்து நின்றால் கால் உதறுகிறது, சாப்பிட்டு முடித்ததும் சோறு கேட்கிறார் என்பதெல்லாம் எந்தத் துறையிலும் சேராததால் யாரும் எழுதவில்லை. ஞாபகப் பயிற்சி கொடுக்க ஆள் வேண்டும் என்று நான் கேட்டேன். அப்படி ஒரு பதவியே இங்கே கிடையாது என்றார்கள். மூளையைக் காப்பாற்ற மீன் மார்க்கெட் வரை போனவர்கள், காப்பாற்றிய மூளையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் உத்திரமேரூரிலிருந்து பஸ் பிடித்து அவர் வீட்டுக்கு நானே போனேன். நிற்க, நடக்க, பொத்தான் போட, செய்ய வேண்டியதை நோட்டில் எழுதிவைத்துப் பார்க்கப் பழக்கினேன். நடை வந்துவிட்டது. கை நடுக்கம் பாதி குறைந்தது. ஷாக்குக்கு முந்தைய ஓரிரு வருடங்களும், அதற்குப் பின் அன்றாடம் நடப்பதும்தான் ஓட்டை வழியாக ஒழுகிக்கொண்டிருந்தன. அதைத் தவிர அங்கங்கே வேறு சிலவும் போயிருந்தன. எது இருக்கிறது, எது போயிற்று என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மோட்டாரைத் திறந்து கொடுத்தால் கை தானாக வேலை செய்தது. ஆனால் கரண்டை நிறுத்த மறந்துவிடுவார் என்று ரேவதி அந்த வேலைக்கே அனுப்பவில்லை.

ஆஸ்பத்திரியில் சீஃப் இந்தக் கேஸை மாநாட்டில் படித்துப் பரிசு வாங்கினார். பேனர் கட்டிக் குழுப் போட்டோ எடுத்தார்கள். கலைவாணி சிஸ்டர் டியூட்டியில் இருந்ததால் போட்டோவில் இல்லை. நான் ஓரத்தில் முழங்கை வரை இருக்கிறேன். திரையில், 'கிராமவாசி ஒருவர் உடனே முதலுதவி செய்தார்' என்று வந்தது. பெயரைப் போடலாமே சார் என்றேன். நோயாளியின் விவரங்களை வெளியிடக் கூடாது என்றார். சுந்தரி நோயாளி இல்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு. தணிகாசலத்தை நீண்ட தூரம் நடக்கவைத்துப் பார்க்க அழைத்துப் போனேன். ரேவதியின் அண்ணனும் துணைக்கு வந்தார். வெயில் ஏறிவிட்டது. ஊரைத் தாண்டி, சுந்தரி இருக்கும் காலனி வழியாக வந்தோம். சுந்தரி வாசலில் நின்றிருந்தார்.

"இவங்க யாரு சார்?" என்றார் தணிகாசலம்.

நான் சொன்னேன். அவர் கண் கலங்கி, குனிந்து கும்பிட்டார்.

"இதோட நாலாவது வாட்டி கும்பிடுறாரு சார்" என்று சுந்தரி சிரித்தார். "ஒவ்வொரு வாட்டியும் புச்சா அய்வறாரு."

பேசிக்கொண்டிருக்கும்போதே தணிகாசலம் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டார். "கொஞ்சம் தண்ணி குடும்மா, நாக்கு வறண்டு போச்சி."

சுந்தரி அசையவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு தெருவில் தள்ளி நின்ற ரேவதியின் அண்ணனைப் பார்த்தார். அவர் நின்ற இடத்திலிருந்தே கையை ஆட்டிக் கூப்பிட்டார்.

"மாப்ள, எய்ந்து வா. நம்ம வூட்ல போயி குடிச்சிக்கலாம்."

"தாகம் இங்க எடுக்குது. இன்னாத்துக்கு வூடு வரைக்கும் போவணும்?" தணிகாசலம் அவரை நிஜமாகவே புரியாமல் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஏதாவது விளக்கம் சொல்வேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது.

சுந்தரி உள்ளே போய்க் குடத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டு கொண்டுவந்தார்.  தணிகாசலம் டம்ளரை வாயில் வைத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னொரு டம்ளர்" என்று நீட்டினார்.

மறந்துபோனதைத் திரும்பப் பழக்குவதுதான் என் உத்தியோகம். இந்த ஒன்றை மட்டும் நான் அவருக்குப் பழக்கவில்லை.